யாரும் உட்காராத வெல்ஷ் நாற்காலி

ஒரு மனு வந்தால் மூன்று நாளுக்குள் ஒப்புகை அனுப்ப வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று காரணம் காட்டி இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். சென்னையில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இந்த விதியைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அதன் கீழே உட்கார்ந்துதான் நாங்கள் பதில் போடாமல் இருந்தோம்.

வேல்ஸ் நாட்டில் வசிக்கும் ஒரு கவிதை நடுவர் இந்த விதியைக் கேள்விப்பட்டதில்லை. அவரது பதிலுக்காக மெல்பர்னில் ஒரு மண்டபமே காத்திருந்தது. பேத்தியின் நடனத்தைப் பார்க்கப் போன நான் அந்தக் காத்திருப்பில் எப்படிப் போய்ச் சிக்கினேன் என்பதை முறைப்படி முதலிலிருந்து சொல்கிறேன்.

மகள் நித்யா மெல்பர்னில் கிளென் வேவர்லியில் இருக்கிறாள். அவளிடம் போவதற்கு முன் சிட்னியில் என் தங்கை மகன் வீட்டில் சில நாள் தங்கினேன். விசா விண்ணப்பத்தில் அவன் முகவரியை நிரப்பியபோதுதான் எனக்கு அது உறைத்தது. நியூ சவுத் வேல்ஸ் என்றால், பழைய வேல்ஸ் ஒன்று எங்கோ இருக்க வேண்டுமே?

இறங்கிய அன்றே அவனிடம் கேட்டேன். "மாமா, நான் இங்க வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒருத்தரும் இதக் கேட்டதில்ல" என்றான். அந்தப் பெயரை வைத்த கப்பல் தலைவர் ஏன் வைத்தார் என்பதற்குக் குறிப்பு எதுவும் எழுதி வைக்கவில்லையாம். கோப்பில் குறிப்பே இல்லாமல் ஆணை பிறப்பித்திருக்கிறார். அந்தக் காலத்திலும் அப்படித்தான்.

கேட்டதன் பலன், மறுநாள் அவன் என்னை ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்குப் போகச் சொன்னான். அங்கே வெல்ஷ் குடியேறிகளைப் பற்றி ஒரு கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. ரயிலில் போகலாம் என்றான். நிலையத்துக்குப் போனால் தண்டவாளத்தில் பராமரிப்பு வேலை, ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து என்றார்கள். பேருந்து ஓட்டுநருக்கு அந்தத் தடம் புதிது. ஒரு வட்டச் சந்திப்பை இரண்டு முறை சுற்றிவிட்டு, "இங்கே எந்தப் பக்கம் திரும்பணும்னு யாருக்காவது தெரியுமா?" என்று பயணிகளிடமே கேட்டார். நம் ஊராக இருந்தால் பேருந்துக்குள்ளேயே இரண்டு கட்சி உருவாகியிருக்கும். இங்கே தலையில் முக்காடிட்ட ஒரு பெண்மணி எழுந்து போய், ஓட்டுநர் பக்கத்தில் நின்று, கடைசிவரை வழி சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கும்போது எல்லோரும் ஓட்டுநருக்கு நன்றி சொன்னார்கள். எதற்கு என்று புரியவில்லை. நானும் சொன்னேன்.

கண்காட்சி இரண்டே அறைகள். சுரங்கத் தொழிலாளியின் விளக்கு, பலகைக்கல்லில் செய்த ஒரு கடிகாரம், பெண்கள் அணியும் உயரமான கறுப்புத் தொப்பி, ஒரு யாழ். எனக்குப் பிடித்துப்போனது மரக் கரண்டிகள். வேல்ஸில் ஒரு இளைஞன் ஒரு பெண்ணை விரும்பினால் அவளுக்கு ஒரு கரண்டி செதுக்கித் தருவான். காம்பில் சங்கிலி இருக்கும். அதன் வளையங்கள் ஒன்றோடொன்று கோத்து ஆடும். ஆனால் ஒட்டு கிடையாது, எல்லாம் ஒரே கட்டையில் குடைந்தது. கை நடுங்கி ஒரு வளையம் உடைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கரண்டியால் சூப் குடிக்க முடியாது. ஆளின் பொறுமையை அளக்கலாம். நம் பெண் பார்க்கும் படலத்தில் இப்படி ஒரு தேர்வு வைத்திருந்தால் நானெல்லாம் இன்றும் பிரம்மச்சாரி.

"கையால தொடாதேங்கோ அண்ணை. பாக்கலாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் தமிழில் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். சம்பளமில்லாத வழிகாட்டி என்பதற்கான அட்டையை மாட்டிக்கொண்டு, என் வயதை ஒத்த ஒருவர் நின்றிருந்தார். பெயர் செபஸ்டியன். மன்னார்க்காரர். என் நெற்றியில் இருந்த திருநீற்றை வைத்துத் தமிழில் பேசிப் பார்த்தாராம்.

"நீங்க எப்படி இந்த வெல்ஷ்காரங்களோட?" என்றேன்.

"நான் அவையின்ர பாட்டுக்குழுவில பாடுறனான். ஆம்பிளையள் மட்டும் பாடுற குழு. பிள்ளையளும் வளந்திட்டினம். வீட்டில இருந்து என்ன செய்யிறது?"

"வெல்ஷ் மொழி தெரியுமா?"

"இல்லை."

"அப்புறம் அர்த்தம் தெரியாமலா பாடறீங்க?"

"சின்னனில கோயிலில லத்தீன் விளங்கித்தானோ பாடினனான்?" என்றார். "பின்னேரம் பயிற்சி இருக்கு. வாங்கோ, கேட்டுப் பாருங்கோ."

போனேன். ஒரு பழைய மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் முப்பது நாற்பது கிழவர்கள். இருமல், மூக்குச் சிந்தல், கால்பந்து பற்றி ஒரு தகராறு. அவர்களை நடத்தும் பெண்மணி கையை உயர்த்தினார். அடுத்த கணம் அந்த இருமல் கூட்டத்திலிருந்து கிளம்பியது, நான்கு தளங்களாகப் பிரிந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்ற ஒரு குரல். நான் கர்நாடக சங்கீதத்தில் வளர்ந்தவன். ஒருவர் பாடினால் மற்றவர் தலையாட்ட வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. இங்கே தனியாகப் பார்த்தால் யாருக்கும் பெரிய குரல் இல்லை. சேர்ந்தபோது கூரை தாங்குமா என்று அண்ணாந்து பார்த்தேன். செபஸ்டியன் இரண்டாவது வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

இடைவேளையில் உலர்திராட்சை போட்டுத் தோசைக்கல்லில் சுட்டதுபோல் ஒரு தட்டையான கேக் தந்தார்கள். சர்க்கரை தூவியிருந்தது. இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவதைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டேன்.

பிறகு செபஸ்டியன் தன் காரில் என்னை, நம் ஊர் ஓட்டல்கள் நிறைந்த ஹரிஸ் பார்க்குக்கு அழைத்துப் போனார். நெய்த் தோசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் செய்தியைச் சொன்னார்.

"மெல்பர்னுக்குப் போறீங்கள்தானே. அங்க வெல்ஷ் மண்டபத்தில ஒரு கதிரை இருக்கு. கட்டாயம் பாருங்கோ. அதில இன்னும் ஒருத்தரும் இருக்கேல்லை."

"நாற்காலி உடைஞ்சு போச்சா?"

"இல்லை, நல்ல வடிவான கதிரை. தகுதியான ஆள் வரேல்லையாம்."

நான் தோசையை வைத்துவிட்டேன். இங்கே என் பணி பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். ஓய்வு பெறுவதற்கு முன் கடைசிச் சில ஆண்டுகள் எழுத்தாளர்களுக்கும் கவிஞர்களுக்கும் விருது வழங்கும் ஒரு பிரிவில் இருந்தேன். பிரிவின் பெயர் வேண்டாம். ஒரு வருடம்கூட 'தகுதியானவர் இல்லை' என்று நாங்கள் கோப்பில் எழுதியதில்லை. எழுதினால் மார்ச் முடிவில் ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும். ஆகவே ஆண்டுதோறும் தகுதியானவர்கள் பிறந்துகொண்டே இருந்தார்கள். தகுதி இல்லை என்பதற்காக ஒரு பரிசை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கும் கூட்டம் உலகில் எங்கோ இருக்கிறது என்றால், அதைப் போய்ப் பார்ப்பது என் தொழில்முறைக் கடமை.

கிளென் வேவர்லி ரயில் பாதையின் கடைசி நிலையம். வயதானவர்களுக்கு இது பெரிய வசதி. நகரத்திலிருந்து திரும்பும்போது கவலையில்லாமல் தூங்கலாம். நான் போய்ச் சேர்ந்த வாரக் கடைசியிலேயே பேத்தி அனுவின் நடனப் போட்டி. அதற்கு ஐஸ்டெட்ஃபட் என்று பெயர். பரதநாட்டியம், பியானோ, பேச்சு எல்லாவற்றுக்கும் இங்கே ஐஸ்டெட்ஃபட் உண்டு. தமிழ்ப் பெற்றோர்கள் இதை நம் அரையாண்டுத் தேர்வைப் போல உச்சரிக்கிறார்கள். அது ஆஸ்திரேலியச் சொல் என்றுதான் நித்யா நினைத்திருந்தாள். வெல்ஷ் சொல் என்றும், கவிஞர்கள் கூடும் திருவிழாவுக்குப் பெயர் என்றும் செபஸ்டியனிடம் நான் கற்றிருந்ததைச் சொன்னேன். அனு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்: "தாத்தா, கவிதைக்கெல்லாம் இப்ப யாரும் வரமாட்டாங்க." அவளுக்குப் பங்கேற்புச் சான்றிதழ் கிடைத்தது. பங்கேற்ற எல்லோருக்கும் கிடைத்தது.

"பக்கத்து வீட்டு எம்ரிஸ் அங்கிள் வெல்ஷ்தாம்ப்பா" என்றாள் நித்யா. "நெஸ்டா அன்ரிதான் அந்த மண்டபத்துக்குச் செயலாளர். அவங்களே கூட்டிட்டுப் போவாங்க." நித்யா சென்னைப் பெண். ஆனால் அவள் தோழிகள் யாழ்ப்பாணத்துக்காரர்கள் என்பதால் ஆன்ட்டி எல்லோரும் அன்ரி ஆகியிருந்தார்கள்.

எம்ரிஸுக்கு எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும். மெல்பர்னில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். நெஸ்டா அவர் மனைவி; கொஞ்சம் இளையவர், கார் ஓட்டுவது அவர்தான். மறுநாளே என்னை ஏற்றிக்கொண்டார்கள். அவர்கள் பேசியதை என் தமிழில் தருகிறேன்.

வெல்ஷ் மண்டபம் நகரத்தின் நடுவே, கண்ணாடிக் கோபுரங்களுக்கிடையில் ஒதுங்கி நிற்கிறது. தங்கம் தோண்ட வந்தவர்களின் பிள்ளைகள் கட்டியது. முன்னறையில் அவர்களுடைய வேதப் புத்தகங்கள், பாட்டுக்குழுக்களின் படங்கள், பட்டில் தைத்த ஒரு கொடி. எல்லாவற்றுக்கும் கீழே கையால் எழுதிய சிறு அட்டை, தூசி இல்லாத கண்ணாடி. காவலாளி கிடையாது, நுழைவுச் சீட்டு கிடையாது. நான் பார்த்த பல பெரிய அருங்காட்சியகங்களில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தார்கள், அதுவும் மூன்று பேர் ஒரே நேரத்தில்.

மேடையில் நாற்காலி. கறுத்த மரம். முதுகில் சிறகு விரித்த டிராகன். அதன் காலடியில் தச்சரின் சொந்த யோசனையாக ஒரு கங்காரு. கைப்பிடிகள் பளபளக்கவில்லை. யாரும் பிடித்திருந்தால்தானே பளபளக்கும்.

"ரொம்ப காலத்துக்கு முன்னால ஒரு கவிதைப் போட்டி நடந்தது" என்றார் நெஸ்டா. "நாற்காலி முதலிலேயே தயாராயிடுச்சு. கவிதை வந்தது, ஆனா ஒண்ணும் தேறலைன்னு நடுவர்கள் சொல்லிட்டாங்க. அதனால கொடுக்கலை. அப்புறம் எழுத ஆள் இல்லாம போட்டியே நின்னு போச்சு. போன வருஷம்தான் மறுபடி அறிவிச்சோம்."

"எத்தனை கவிதை வந்தது?"

"ஒண்ணு."

ஒற்றை ஒப்பந்தப்புள்ளி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். மறுபடி அறிவிக்க வேண்டும், அல்லது காரணம் எழுதி ஏற்றுக்கொள்ள வேண்டும். அதைச் சொன்னேன். நெஸ்டா தலையசைத்தார். "ஒரே கவிதையானாலும் தேறினாத்தான். வேல்ஸில் இருக்கிற நடுவருக்கு அனுப்பிட்டோம். எங்க புனிதர் தாவீதின் நாள் மார்ச் ஒண்ணாம் தேதி. அன்னைக்கு மேடையில முடிவைச் சொல்லணும். இதுவரைக்கும் பதில் இல்லை."

"ஒப்புகை?"

"அதுவும் இல்லை."

"யார் எழுதின கவிதை?"

"எப்படித் தெரியும்? புனைபெயர்லதான் வரும். உண்மைப் பெயர் ஒட்டின உறைக்குள்ள இருக்கும். ஜெயிச்சாத்தான் உறையைப் பிரிப்போம். மேடையில புனைபெயரைக் கூப்பிடும்போது எழுதினவர் எழுந்து நிக்கணும். அதுவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது."

அவர் இதைச் சொல்லும்போது எம்ரிஸ் ஒரு துணியால் நாற்காலியின் டிராகனைத் துடைத்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. இடதுகை விரல்கள் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலைத் தொட்டு எதையோ எண்ணின. தாளம் போட்டு வளர்ந்தவனுக்கு அது என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை.

மண்டபத்தில் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்களே சிலர்தான். போட்டிக்கு விதித்திருந்த பழைய யாப்பில் எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான் இருக்க முடியும். ஒவ்வொரு வரியிலும் முன்பாதியின் மெய்யெழுத்துகள் அதே வரிசையில் பின்பாதியில் திரும்ப வர வேண்டுமாம். நம் எதுகை மோனையைக் காவல்துறையிடம் ஒப்படைத்தால் எப்படி நடக்குமோ அப்படி ஒரு யாப்பு. எண்பது வயதுக்கு மேல் ஒருவர் அதில் இறங்கியிருக்கிறார். இந்த முறை விட்டால் இன்னொரு முறை என்பது நிச்சயமில்லை. அவருக்குப் பிறகு எழுத ஆளே இல்லை.

திரும்பும்போது காரில் எம்ரிஸ் பின்னிருக்கையில் தூங்கிவிட்டார். நான் நெஸ்டாவிடம் மெதுவாக நலன்முரண் பற்றிப் பேச்செடுத்தேன். போட்டியை நடத்தும் செயலாளரின் வீட்டில் இருப்பவரே போட்டியாளர் என்றால்...

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் நெஸ்டா, சாலையைப் பார்த்துக்கொண்டே. "அவர் கராஜுக்குள்ள என்னமோ பண்றார். நான் கராஜுக்குள்ள போறதில்லை."

"எவ்வளவு நாளா?"

"போட்டியை அறிவிச்சதிலிருந்து. துணி துவைக்கிற மெஷின் அங்கதான் இருக்கு. அவர்தான் துவைக்கிறார்."

இதைவிடச் சுத்தமான பணிப்பிரிப்பை நான் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

அதற்கடுத்த நாட்களில் நான் மெல்பர்னைச் சுற்றிப் பார்த்தேன். தங்கவயல் ஊர் ஒன்றுக்கு மாப்பிள்ளை அழைத்துப் போனார். அங்குள்ள அருங்காட்சியகத்தில் வெல்ஷ் சுரங்கக்காரர்கள் இறங்கிய குழியைக் காட்டினார்கள். மேலே ஒரு கல்லறையில் வெல்ஷில் நான்கு வரி. சுற்றிலும் யூகலிப்டஸ் மரங்கள், கிளிகளின் கூச்சல். இவ்வளவு தூரம் வந்து மண்ணைத் தோண்டியவர்கள், சாகும்போதும் யாப்போடுதான் செத்திருக்கிறார்கள். வீடு திரும்பினால் வேலிக்கு அப்பால் எம்ரிஸ் தக்காளிச் செடிகளுக்கு நீர் விட்டுக்கொண்டிருப்பார். நெஸ்டா கதவைத் திறந்து, "தபால் வந்ததா?" என்பார். "இல்லை" என்பார் எம்ரிஸ். கணினியைத் திறந்து, "இதிலும் இல்லை" என்பார் நெஸ்டா. யாருக்காகக் கேட்கிறார்கள் என்பது பேச்சில் வராது.

என்னால் பொறுக்க முடியவில்லை. பதில் வராத மனுவுக்கு மருந்து நினைவூட்டல். இதில் எனக்கு மிஞ்சி யாரும் இல்லை. ஒரு மாலை உட்கார்ந்து நடுவருக்கு ஒரு கடிதம் வரைந்தேன். மொழி ஆங்கிலம், முறை நம்முடையது: பொருள், பார்வை, பிறகு விவரம். பார்வையில் விண்ணப்பதாரரின் பெயரைக் குறிப்பிடாவிட்டால் கடிதம் செல்லாது என்று கை பழகிவிட்டது. குறிப்பிட்டேன். வயது, உடல்நிலை, அவருக்குப் பின் யாரும் இல்லாத நிலை ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு, சிறப்பு நேர்வாக விதிகளைத் தளர்த்தி நாற்காலி வழங்கப் பரிந்துரைக்கலாம் என்றும் சேர்த்தேன். அருமையான கடிதம். அடுத்த வீட்டுச் சமையலறை மேசையில் இருவர் முன்னாலும் உரக்க வாசித்தேன்.

பார்வையைத் தாண்டியதும் எம்ரிஸ் எழுந்தார். கழுவு தொட்டிக்குப் போய்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார். தண்ணீர் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்திக் கடைசிவரை வாசித்தேன்.

"கிழிச்சிருங்க" என்றார் நெஸ்டா. "யார் எழுதினதுன்னு நடுவருக்குத் தெரிஞ்சா அந்தக் கவிதை போட்டியிலேயே கிடையாது. இது போயிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்."

கிழித்தேன். சிறுசிறு துண்டுகளாகக் கிழித்தேன். குழாய் நின்றது.

எம்ரிஸ் திரும்பி வந்து உட்கார்ந்தார். "கடைசியில எதையோ தளர்த்தச் சொன்னீங்க போல" என்றார்.

"எங்க ஊர்ல உண்டு. நீண்ட சேவை, முதுமை இதுக்கெல்லாம் ஒரு சலுகை."

"எழுதினது யாரோ, எனக்குத் தெரியாது. ஆனா அந்த ஆளுக்குச் சாய்ஞ்சு உட்கார ஒரு நாற்காலி வேணும்னா கடையில வாங்கிக்குவான்னு நினைக்கிறேன்" என்றார். பிறகு கேக் தட்டை என் பக்கம் தள்ளினார். "சாப்பிடுங்க. நீங்க சிட்னியில ஒண்ணைக் கைக்குட்டையில சுருட்டினீங்களாமே. எங்க மண்டபத்துக்குப் பாட வர்ற செபஸ்டியன் போன்ல சொன்னார். வெல்ஷ்காரங்ககிட்ட ரகசியமே நிக்காது."

நெஸ்டா தேநீர்க் கோப்பைக்குள் சிரித்தார்.

அன்றே நடுவருக்கு இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல் போயிற்று. 'மார்ச் முதல் தேதி எங்கள் விழா. தங்கள் முடிவை எதிர்பார்க்கிறோம்.' பெயர் இல்லை, பார்வை இல்லை. நான் பங்கெடுத்த கடிதங்களிலேயே மிக அதிகக் குறைகளுள்ளது அதுதான். விசா முடிந்து நான் சென்னைக்குத் திரும்பும்வரை அதற்கும் பதில் வரவில்லை. வழியனுப்பும்போது எம்ரிஸ் தோட்டத்துத் தக்காளி தந்தார். விமானத்தில் கொண்டுபோகக் கூடாது என்ற விதியை எடுத்துச் சொல்லிவிட்டு, வாசலிலேயே நின்று சாப்பிட்டேன்.

மற்றதை நித்யா தொலைபேசியில் சொன்னாள். விழா அன்று காலைவரை ஒன்றும் வரவில்லை. சட்டையில் வேல்ஸின் அடையாளமான மஞ்சள் டாஃபடில் பூவைக் குத்திக்கொண்டு, பதிலே இல்லாமல்தான் எல்லோரும் மண்டபத்துக்குக் கிளம்ப இருந்தார்கள். கார் சாவியை எடுத்துக்கொண்டு கடைசியாக ஒருமுறை நெஸ்டா கணினியைத் திறந்தபோது வந்திருந்தது. பிரிக்காமல் கணினியையும் கையோடு எடுத்துக்கொண்டார். மேடையில்தான் பிரிக்க வேண்டும் என்பது முறை.

பாட்டு முடிந்து, நெஸ்டா கேட்டுக்கொண்டதற்காக அனு ஆடிய நடனமும் முடிந்து, மண்டபம் அமைதியானது. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று நெஸ்டா முதலில் வெல்ஷில் வாசித்தார், பிறகு எல்லோருக்கும் புரிய ஆங்கிலத்தில். கவிதையில் உயிர் இருக்கிறது. இப்படி ஒன்றை இவ்வளவு தூரத்திலிருந்து தான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மூன்று இடங்களில் ஒலி தவறுகிறது. ஆகவே நாற்காலி வழங்கப்படவில்லை.

"அன்ரி குரல் கொஞ்சம்கூட மாறலப்பா" என்றாள் நித்யா. "யாரோ ஒருத்தரோட கவிதைய வாசிக்கிற மாதிரியே வாசிச்சாங்க. அங்கிள் மூணாவது வரிசையில. எல்லாரும் கை தட்டினாங்க. அவரும் தட்டினார்."

ஒட்டிய உறையை, முறைப்படி, பிரிக்காமலே நெஸ்டா கிழித்தார். எழுதியது யார் என்று இன்றுவரை அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது. தோற்றவரைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு விதி எழுதி, அதைக் கூடி நின்று காக்கும் மனிதர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, வீட்டுக்கு வந்தோம். இப்பக்கூட கராஜ்ல லைட் எரியுதுப்பா. அன்ரி துவைக்க வேண்டிய துணியெல்லாம் கராஜ் வாசல்ல வெச்சுட்டுப் போயிட்டாங்க."

நடுவரின் கடிதத்தில் கடைசியாக ஒரு பத்தி இருந்தது. பிறகு நெஸ்டாவிடம் கேட்டு வாங்கினேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், அந்த மூன்று இடங்களிலும் தவறு என்னுடைய காதில்தான் இருக்க வேண்டும் என்று குளிர்காலம் முழுவதும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன் என்று எழுதியிருந்தார். என் பணிக்காலத்தில் எத்தனையோ தாமத விளக்கங்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்கத்தக்கது இது ஒன்றுதான். அனுப்பிய தேதி, அவருடைய ஊர்க் கணக்குப்படி, பிப்ரவரி 28. மெல்பர்னில் வந்து சேர்ந்த தேதி மார்ச் 1.